நாற்றுக்களை உரப்படுத்தும் விதம்

மரக்கன்றுகள் நட்ட மறு வருஷமே பட்டுப்போவதற்கு மண்ணையும் மழையையும் குறை கூறுவது வழக்கம். நாற்றங்காலில் அவை வளர்க்கப்பட்ட விதமும் இதற்குக் காரணமாகும். குளிர்ப் பிரதேசத்து ஊசியிலை மரங்களைக் கொண்டு இதனை நன்கு அறியலாம்.

உதகமண்டலம் சுமார் 7,300 அடி உயரத்திலுள்ளது. அங்கு டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் பள்ளங்களில் குளிர்ந்த காற்று தங்கி உறைபனி உண்டாகும். பைன், தேவதாரு முதலியவை குளிருக்குரிய மரங்களெனினும், தளிர் விடும் பருவத்தில் சிறிது உறைபனியும் அவற்றின் கன்றுகளைக் கருக்கிவிடும். வளர்ச்சி நின்று, நுனியில் மொட்டுக் கட்டி, தண்டு முற்றிய பின்னரோ அவையே கடுங்குளிரைத் தாங்கும். அப்பொழுது உயிரணுக்களில் சர்க்கரை சேர்கிறது. உள்ளிருக்கும் நீரின் ஒரு பகுதி வெளியேறுகிறது. ஆகவே பனிக்கட்டி அணுக்களுக்கு வெளியே உண்டாகுமேயன்றி, உள்ளே உண்டாகி அவற்றைச் சிதைப்பதில்லை.

வளர்ச்சியை நிறுத்தும்படி அக்கன்றுகளுக்கு அறிவிப்பது பகற்பொழுதின் குறைவும், படிப்படியாக வரும் குளிருமாம். சிம்லாவில் ஜூன் மாதத்தில் சுமார் 14 மணி நேரமுள்ள பகல் டிசம்பரில் 10 மணியாகக் குறைகிறது. நம் பக்கத்திலோ மிகக் குறுகிய பகலும் சுமார் 11½ மணி நேரமாகும். ஆதலின் இங்கு அவ்வறிகுறி சொற்பமே. நாற்று வளர்ப்போரின் கவனிப்பே முக்கியம்.

கவனிக்க வேண்டியவை:

1. பருவக் கடைசியில் தழைச்சத்து மிகுந்த எருவிட்டால் தளிர் ஓடிக்கொண்டேயிருக்கும், தண்டு முற்றாது.
2. ஓயாது நீர் பாய்ச்சுவதும் அவ்வாறே. சிறிது சிறிதாகக் குறைத்தல் நலம்.
3. அடர்ந்த நிழலில் கன்றுகள் மெலிந்து நெடுகும்.
4. வேர்கள் தண்டைவிடக் குளிருக்கு எளிதில் இரையாகும். தரைக்கு மேல் வைத்த பைகளில் இவ்வபாயம் அதிகம்.

கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 அடி வரை உயரமுள்ளது. அங்கு கன்றுகளுக்குச் சத்துரு உறைபனியன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வறட்சியே. எனினும் முறை ஏறக்குறைய ஒன்றே. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் பந்தலின் கீழ் நாள்தோறும் நீருண்டு வளர்ந்த கன்றை மலைச்சரிவில் திடீரென நட்டால், வெயிலும் காற்றும் அதனை வாட்டிவிடும். நடுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னரே தழை எருவை நிறுத்துக. பந்தலைப் படிப்படியாகப் பிரித்திடுக. கன்று வாடிச் சாகாதவாறு நீரைக் குறைத்திடுக. நடுவதற்கு முந்திய நாள் மட்டும் வேர்மண் நனைய நீர் ஊற்றுக.

கன்று வாங்கும் சங்கங்கள் உயரத்தைக் கண்டு மயங்கலாகாது. பருத்த தண்டும் நிறைந்த வேரும் உடைய குட்டைக் கன்றே மேலானது. அங்கத்தினர் சிலர் முன்னதாகவே நாற்றங்காலுக்குச் சென்று பார்வையிட்டுப் பின்னர்ப் பணம் கொடுப்பது சங்கத்தின் முதலைக் காக்கும்.