மிஷினை இடம் மாற்றப் போறீங்களா? ஆளைப் பார்த்து வேலையைக் கொடுங்க!



வங்கிக் கடன் வாங்கி மிஷின் போட்ட குழுக்கள் நம் கூட்டமைப்பில் நிறைய உண்டு. மாவு மில், எண்ணெய் மிஷின், பாக்குமட்டைத் தட்டு மிஷின் என்று ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு தொழில். பெரும்பாலும் வாடகைக் கட்டிடம்தான். ஒருநாள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். இல்லாவிட்டால் நமக்கே வேறு நல்ல இடம் கிடைக்கும். மிஷின் வாங்கும்போது நாலு ஊர் போய் விசாரிக்கிற நாம், இடம் மாற்றும்போது மட்டும் "தூக்கி வைக்கிறதுதானே" என்று நினைத்துவிடுகிறோம். எங்கள் குழுவும் அப்படித்தான் நினைத்தது.

நாங்கள் 12 பேர். திண்டிவனம் பக்கம், கடலை விளைகிற ஊர். எக்ஸ்பெல்லர் என்கிற எண்ணெய் பிழியும் மிஷின் போட்டிருந்தோம். ஒரு டன்னுக்கு மேல் எடை, 10 எச்.பி. மோட்டார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி சொந்தக் கட்டிடம் கட்டியதும் மிஷினை அங்கே கொண்டுபோக மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 18,500 ரூபாய், ஒருவர் 16,000, மூன்றாமவர் 9,000. மூன்றாமவர் மிஷினை வந்து பார்க்கவே இல்லை. போனிலேயே, "அஞ்சு பசங்க, ஒரு டெம்போ, அரை நாள் வேலைக்கா" என்றார். நாங்களும் 7,000 ரூபாய் மிச்சம் என்று கை தட்டித் தீர்மானம் போட்டோம்.

வந்த பையன்கள் கயிற்றை மிஷினின் ஷாப்டில் கட்டித் தூக்கினார்கள். மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடிக்கால் தரையில் இடித்து விரிசல் விட்டது. அது வார்ப்பு இரும்பு. அம்மிக்கல் மாதிரி கனமாக இருக்கும், ஆனால் ஓங்கி இடித்தால் வளையாது, விரிந்துவிடும். ஒரு பையனுக்குக் கால்விரல் நசுங்கியது. புது இடத்துக்குப் போனால் வாசல் 4 அங்குலம் குறைவு. வாசலிலேயே கழற்றினார்கள். போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டினார்கள். கடைசியில் மாட்டி ஓட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது, கடலை உள்ளே போகாமல் அடைத்துக்கொண்டது. அதற்குள் முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

23 நாள் மில் மூடிக் கிடந்தது. ரிப்பேருக்கு 14,000 ரூபாய் ஆனது. அந்தப் பையனின் வைத்தியத்துக்கு ஆளுக்கு 200 ரூபாய் போட்டோம். அந்த மாத வங்கித் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். எங்கள் உறுப்பினர் ஒருவர் மகளின் காலேஜ் பீசுக்கு உள்கடன் கேட்டிருந்தார். "இந்த மாசம் இல்லம்மா" என்று நான்தான் சொன்னேன். 7,000 ரூபாய் மிச்சம் பிடித்த கதை இதுதான்.

இரண்டு வருடம் கழித்து ரோடு அகலப்படுத்த இடம் போனதால் மறுபடியும் மிஷினைக் கிளப்ப வேண்டி வந்தது. இந்தத் தடவை ஆளைத் தேர்ந்தெடுத்த விதமே வேறு.

வந்து பார்த்தாரா?

முதல் சோதனை இதுதான். பழைய இடம், புது இடம் இரண்டையும் வந்து பார்க்காமல் விலை சொல்கிறவரை அங்கேயே விட்டுவிடுங்கள். நாங்கள் கடைசியில் வேலை கொடுத்த மேஸ்திரி டேப்போடு வந்தார். வாசல் அகலம், கூரை உயரம், தெருமுனையில் வண்டி திரும்புமா, மேலே கரண்ட் கம்பி எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று எல்லாவற்றையும் பார்த்தார். மிஷின் கம்பெனி கொடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி எடையைக் குறித்துக்கொண்டார். "புது இடத்துல காங்கிரீட் போட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்றார். மூன்று நாள் என்றோம். "அப்ப இப்ப வேணாம். ரெண்டு வாரம் கழிச்சு வரேன்" என்று கிளம்பிவிட்டார். வந்த வேலையைத் தள்ளிப்போடுகிற ஆளைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவர் சொன்னது சரிதான். காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் விடாமல் தண்ணீர் விட வேண்டும். அதன் முழு வலு வருவதற்கு 28 நாள் ஆகும். அதிர்ந்து ஓடுகிற மிஷினைப் பச்சைக் காங்கிரீட்டில் உட்கார வைத்தால் போல்ட் ஆட ஆரம்பித்துவிடும். போல்ட் குழிகளையும் கொத்தனார் குத்துமதிப்பாக வைக்கக்கூடாது. மிஷினின் அடிச்சட்டத்தில் உள்ள ஓட்டைகளைப் பலகையில் அப்படியே அளவு எடுத்து, அந்தப் பலகையை வைத்துத்தான் போல்ட் நட வேண்டும்.

"எதை வச்சுத் தூக்குவீங்க, எங்க கட்டுவீங்க?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். செயின் பிளாக், முக்காலி, உருளைக் குழாய், கிரேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிச்சட்டத்தில்தான் கட்ட வேண்டும். ஷாப்ட், புல்லி, கடலை கொட்டும் தொட்டி இவற்றில் கட்டக்கூடாது. மோட்டார் தலையில் இருக்கும் வளையம் மோட்டாரை மட்டும் தூக்கத்தான். அதைப் பிடித்து மொத்த மிஷினையும் தூக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

அவர் முன்பு மாற்றிக் கொடுத்த மில்லுக்கு இரண்டு பேர் நேரில் போய் வாருங்கள். முதலாளியிடம் கேட்பதைவிட, தினமும் மிஷின் ஓட்டுகிறவரிடம் கேட்டால் நிஜம் தெரியும். எத்தனை நாளில் ஓடியது, போல்ட் மறுபடி லூசானதா, கூப்பிட்டபோது வந்தாரா என்று கேட்டாலே போதும்.

தாளில் என்ன எழுதணும்?

விலையை ஒப்பிடும்போது ஒரு ஏமாற்று நடக்கிறது. ஒருவர் சொல்வது வெறும் கூலி. இன்னொருவர் சொல்லும் விலையில் கழற்றுவது, வண்டி, மாட்டுவது, ஓட்டிக் காட்டுவது எல்லாம் சேர்ந்திருக்கும். முதல் தடவை எங்களுக்கு இது புரியவில்லை. இரண்டாம் தடவை வேலை முழுவதையும் ஒரு தாளில் எழுதி, அதையே மூன்று பேரிடமும் கொடுத்து விலை கேட்டோம். அப்போது கேட்டால் வித்தியாசம் 2,000 ரூபாய்தான்!

பணத்தை மூன்றாகப் பிரித்தோம். பேசிய 19,000 ரூபாயில் கால் பங்கு முன்பணம். மிஷின் போல்ட்டில் உட்கார்ந்ததும் பாதி. மீதிக் கால் பங்கு, மிஷின் 7 நாள் ஒழுங்காக ஓடிய பிறகு. எல்லாம் செக்காகத்தான், பில்லோடு. மேஸ்திரி முகம் சுருங்கி, "என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்றார். "உங்கமேல இருக்குப்பா. ஆனா பணம் 12 பேரோடது, தீர்மானப் புத்தகத்துல எழுதியாச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உடைந்தால் யார் செலவு, ஆளுக்கு அடிபட்டால் வைத்தியம் யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதையும் அதே தாளில் எழுதினோம். கிளப்புவதற்கு முன்னால் மிஷினை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்தோம். பிறகு "ஏற்கனவே விரிசல் இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பக்கத்து வேலைகளும் இருக்கின்றன. கடன் முடியும்வரை மிஷின் வங்கியின் பிடியில் இருப்பதால், முதலில் மேனேஜருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியில் பழைய முகவரி இருந்தால் அதை மாற்ற வேண்டும். வழியில் சேதமானால் பணம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள், அதற்குத் தனிப் பாலிசி உண்டு. எண்ணெய், மாவு என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் புது முகவரிக்கு இருக்க வேண்டும். மிஷின் போனால் கரண்ட் தானாகப் பின்னால் வராது. புது இடத்துக்கு மும்முனை இணைப்பு கேட்டு மின் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அது வந்த பிறகுதான் மிஷினைக் கிளப்பவேண்டும். கடலை பிடுங்குகிற மாதத்தில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

லோடு ஏற்றியதும், "நானும் ஏறிக்கறேன்" என்று யாரும் மிஷின் பக்கத்தில் உட்காரக்கூடாது. மிஷின் சரிந்தால் தப்பிக்க இடமில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவருக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது.

ஓட்டிப் பார்க்கிற நாள்

இந்த நாளில் குழுவிலிருந்து மூன்று பேராவது கூட இருங்கள். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றுகிற பக்கம் சரியா என்று பார்க்கத்தான். தப்பாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம். மெயினை நிறுத்திவிட்டு, மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை எலக்ட்ரீஷியன் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். எங்களுக்கு 23 நாள் போனதில் பத்து நாள் இதற்குத்தான் போனது என்றால் நம்புவீர்களா?

அப்புறம் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்து மிஷின் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மிஷினை நிறுத்தியபடியே இரண்டு புல்லிகளின் பக்கவாட்டிலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அகல விளிம்பு உள்ள புல்லி என்றால், நூல் ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு விளிம்பு என்று நாலு இடத்தில் தொட வேண்டும். தொடாவிட்டால் பெல்ட் சீக்கிரம் தேய்ந்து அறும். பூ கட்டுகிற நூலே போதும். எங்கள் பொருளாளர் பிடித்துக் காட்டியபோது அரை அங்குலம் விலகியிருந்தது. மேஸ்திரி பேசாமல் மறுபடி சரி செய்தார்.

கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை போடுங்கள். பெல்ட் மூடியை மாட்டிய பிறகுதான் ஓட்ட வேண்டும். மாட்டுகிறவர்கள் பல பேர் அந்தத் தகர மூடியை "அப்புறம் போட்டுக்கலாம்" என்று மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். சேலை கட்டிக்கொண்டு மிஷின் பக்கத்தில் நிற்பது நாம்தான். மூடி மாட்டாமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாம் தடவை மில் மூடியிருந்தது 5 நாள். எட்டாம் நாள் மேஸ்திரி வந்து போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டுக் கடைசிச் செக்கை வாங்கிப் போனார். காலேஜ் பீசுக்கு உள்கடன் கேட்டிருந்த உறுப்பினர்தான் அதில் பிரதிநிதியாகக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஒப்பந்தத் தாளின் நகல் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. மிஷின் மாற்றப்போகிற குழுக்கள் வாங்கிப் பார்த்து, உங்கள் வேலைக்குத் தகுந்தபடி மாற்றி எழுதிக்கொள்ளலாம்.