இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன்

கை கற்கும் பாடம் – 7

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். இரண்டு முக்கோண மலைகள். நடுவே பாதி எழுந்த சூரியன், சுற்றிலும் கோடு கோடாகக் கதிர்கள். வானத்தில் நான்கைந்து பறவைகள், எல்லாமே டிக் அடித்த மாதிரி. மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, அதன்மேல் சாய்ந்த தென்னை. பிள்ளைகள் இதை 'சீனரி' என்பார்கள். கும்மிடிப்பூண்டியிலும் இதுதான், களியக்காவிளையிலும் இதுதான். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே தட்டுப்படாத ராமநாதபுரம் கடற்கரையிலும் இதேதான். வாசலில் கடல் கிடக்கும், மணலில் வல்லம் என்ற படகு ஏற்றி வைத்திருக்கும், தெரு முழுக்கப் பனை நிற்கும். தாளில் மட்டும் மலையும் தென்னையும்.

இதற்காகப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் படம் அதற்கு ஒரு காப்பு. யாரும் சிரிக்க மாட்டார்கள், மதிப்பெண் குறையாது. அக்காவிடமிருந்து தம்பிக்கு, முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. கேள்வி வேறு. அந்தப் பிள்ளை தினமும் பார்க்கிற வல்லம் ஏன் தாளுக்கு வரவில்லை?

குழந்தைக் கலை பற்றி யோசித்தவர்களுக்குள் இதில் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1897-ல் வியன்னாவில் பிள்ளைகளுக்கென்றே ஓவிய வகுப்பைத் தொடங்கியவர் ஃபிரான்ஸ் சிஷெக். பெரியவர்கள் குறுக்கே போகாமல் இருந்தால் போதும், பிள்ளைக்குள் இருப்பது தானாக வெளியே வரும் என்பது அவர் கட்சி. ஆனால் அவர் வகுப்புப் படங்கள் பலவும் ஒரே சாயலில் இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1977-ல் அமெரிக்காவின் பிரெண்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் நேரெதிராக ஒன்றைச் சொன்னார்கள். வளரிளம் பிள்ளைகளிடம் அவர்கள் வரைந்த படங்களைக் காட்டி, "இது எங்கிருந்து வந்தது?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். காமிக்ஸ், தொலைக்காட்சி, இன்னொரு பிள்ளையின் படம் என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு மூலம் இருந்தது. வரைய ஆசைப்படும் பிள்ளை பார்த்து வரையத்தான் செய்யும்.

வில்சன்கள் சொல்வது சரியென்றால், 'சீனரி வரையாதே' என்று அதட்டிப் பயனில்லை. மலையை விரட்டினால் அந்த இடத்துக்கு கார்ட்டூன் பொம்மை வரும். ஆகவே நான் எதையும் தடை செய்வதில்லை, பென்சிலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வேன். சீனரிக்குப் போகிற வழி பென்சிலுக்குத்தான் மனப்பாடம். பழைய செய்தித்தாளுக்கு அந்த வழி தெரியாது. போன வாரம் காகிதத்தை மடித்தோம், இந்த வாரம் கிழிக்கிறோம்.

கேட்கிற பக்கம், கேட்காத பக்கம்

ராமநாதபுரம் பக்கம் கடலோர நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் ஐந்து ஐந்து பேராக வட்டம். வட்டத்துக்கு ஒரு கட்டுப் பழைய பேப்பர். ஸ்கேல் கிடையாது, கத்தரியும் கிடையாது. கத்தரி வந்தால் கூடவே வரிசையும் சண்டையும் வரும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை பாடு இன்னும் மோசம். கடையில் கிடைக்கிற கத்தரி வலக்கைக்குச் செய்தது. இடக்கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோட்டை அலகே மறைக்கும், காகிதம் வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடங்கிக்கொள்ளும். கிழிப்பதில் இந்தப் பேதமெல்லாம் இல்லை.

"மேலிருந்து கீழே நீளமா ஒரு கீற்று கிழிங்க. இப்போ அதே மாதிரி இடமிருந்து வலமா ஒண்ணு."

வகுப்பு முழுக்க சர்ர் என்று ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் எழுந்துவிட்டான். "அண்ணா, இந்தப் பக்கம் சொன்ன பேச்சு கேக்குது. அந்தப் பக்கம் கேக்கவே மாட்டேங்குது!"

அவன் கண்டுபிடித்தது உண்மை. காகித ஆலையில் கூழ் ஓடுகிற போக்கிலேயே நார்களில் பெரும்பாலானவை படிந்துவிடுகின்றன. அது மர நாராக இருக்கலாம், கரூர் காகிதபுரத்தில் செய்வதுபோல் கரும்புச் சக்கை நாராகவும் இருக்கலாம். செய்தித்தாளில் அந்தப் போக்கு பெரும்பாலும் பத்தி இறங்குகிற திசை. நாரோடு கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகத்தான் போகும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிழிக்கச் சொன்னால் அது அறிவியல் பாடம். கிழித்த பிறகு பிள்ளையே வந்து சொன்னால் அதற்கு இனி அந்தக் காகிதம் பழக்கப்பட்ட ஆள்.

அடுத்து நிறம் தேடுவது. நகைக்கடை விளம்பரத்தில் சிவப்பு, பட்டுப்புடவை விளம்பரத்தில் மயில்கழுத்து நிறம், வீட்டுமனை விளம்பரத்தில் பச்சை, சினிமாப் பக்கத்தில் நல்ல இருட்டு. ஆடித் தள்ளுபடி சமயத்துப் பேப்பர் என்றால் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பொருளின் படம் என்று பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்க்கப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை நடிகர்களின் முகத்தைத்தான் கிழித்து வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு சிறுமி இணைப்பிதழின் வழவழப்பான நீலத் தாளைக் குறுக்கே கிழித்தாள். ஓரம் கோணலாக வந்தது; மை ஏறாத உட்பகுதி வெள்ளையாக விளிம்பு கட்டி நின்றது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதே மாதிரி வேண்டுமென்றே இன்னும் சில கீற்றுகளைக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நுரையோடு அலை வந்துவிட்டது. வரி விளம்பரப் பக்கத்தின் சின்னச் சின்னக் கட்டங்கள் அவளுக்கு வலையாகத் தெரிந்திருக்கின்றன. அதைக் கசக்கி வல்லத்தின் மேல் போட்டாள். பக்கத்திலிருந்தவள், இவள் ஒட்டிய வல்லத்தின் முன்மூக்கைப் பார்த்து, "அணியத்தை இன்னும் தூக்குடி, இப்படி இருந்தா தண்ணி உள்ள வந்துரும்" என்றாள். கடலோரப் பிள்ளைக்குத் தெரிந்த கடல் அப்போதுதான் வகுப்புக்குள் வந்தது.

பசைச் சட்டி

நாற்பது பிள்ளைகளுக்கு கோந்து பாட்டில் கட்டுப்படியாகாது. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். சூடான தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். பிறகு சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மங்கிப் பளபளப்பு ஏறும். அதுதான் இறக்கும் பதம். சத்துணவுக் கூடத்தில் சமையல் முடிந்து அடுப்பு ஓய்கிற நேரத்தில் கேட்டால் அங்கிருக்கும் அக்காமார்களே கிண்டித் தருவார்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது. அது சேராத பசை ஓரிரு நாளில் புளித்துப்போகும் என்பதால் அன்றன்றைக்குக் கிண்டுவதே நல்லது. ஒட்டுவதற்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும். கிழித்த ஓரம் வெட்டிய ஓரத்தைவிட நன்றாகப் பிடிக்கும். நார் பிரிந்து மெலிந்திருப்பதால் அட்டையோடு படிந்துவிடுகிறது.

'சூரியன் எங்கே?'

பிள்ளைகளைவிடப் பெரியவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் வட்டம் வட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்பானவர்தான். ஒரு படத்தின் முன்னால் நின்று, "வானம் காலியா இருக்கே, சூரியன் எங்கே?" என்றார். சொன்னதோடு நிற்காமல் மஞ்சள் காகிதத்தை வட்டமாகக் கிழித்து அவரே ஒட்டியும் விட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் அந்த வரிசையில் எல்லா வானத்திலும் மஞ்சள் சூரியன் முளைத்துவிட்டது. பெரியவர் கை ஒருமுறை பட்டால் பிள்ளைகளுக்கு அதுதான் விடைத்தாள். பக்கத்துப் பிள்ளையிடம் பார்த்துச் செய்வது வேறு. அங்கே பேச்சு உண்டு, மறுப்பு உண்டு, 'தண்ணி உள்ள வந்துரும்' உண்டு. ஆசிரியர் ஒட்டிய சூரியனை எதிர்த்து யார் பேசுவார்கள்?

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இரண்டே இரண்டு. முன்கூட்டியே செய்துவைத்த மாதிரியை மேஜைமேல் வைக்காதீர்கள். பிள்ளையின் படத்தில் உங்கள் கை படவேண்டாம். உதவி செய்தே ஆகவேண்டும் என்றால் பசை தொட்டுக் கொடுங்கள்.

பேப்பர் கிழிப்பது பொழுதுபோக்கு, நிஜ ஓவியம் பென்சிலில்தான் தொடங்குகிறது என்று நினைப்பவர்களுக்கு வினோத் பிஹாரி முகர்ஜியைச் சொல்வேன். சாந்திநிகேதனின் கலாபவனத்தில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பிறந்ததிலிருந்தே பார்வைக் குறை உள்ளவர். 1950களின் பிற்பாதியில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை முழுதாகப் போயிற்று. அதன் பிறகும் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். விரலால் தடவி உருவத்தின் ஓரத்தை அறிந்துகொள்ளலாமே! அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972-ல் 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தில் அவரைப் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு பென்சிலைத் திருப்பிக் கொடுத்தால்? சிலர் நேராக மலைக்கே போய்விடுகிறார்கள். சிலர் காகிதத்தில் செய்ததையே பென்சிலில் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாவது கூட்டம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெருகுகிறது. ஒரே நாள் பயிற்சியில் அது நடக்காது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக் கல்வியில் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2012-ல் தமிழகம் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது. போட்டி நல்லதுதான், ஆனால் அது நாற்பது பேரில் கைதேர்ந்த ஒருவரைத் தேடுகிறது. மீதிப் பேருக்கு வேண்டியது நேரம். ஒரு பாடவேளையில் பேப்பரைப் பிரித்து உட்காருவதற்குள் மணி அடித்துவிடும். தலைமை ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். அதற்கு அரசாணை வேண்டியதில்லை, கால அட்டவணையில் ஒரு கோட்டை அழித்தால் சரி.

அடுத்த வாரம் களிமண். செய்து பார்க்க நினைப்பவர்கள் கண்மாய் வண்டலை ஒரு வாளி அள்ளி வந்து, கல்லும் வேரும் பொறுக்கிவிட்டு இப்போதே ஊறப் போட்டுவையுங்கள்.