பத்து விக்கெட்டும் மற்ற பத்துப் பேரும்

1999 பிப்ரவரி 7. தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானம். 420 ரன்கள் எடுத்தால் வெற்றி என்று ஆடிய பாகிஸ்தான், முதல் விக்கெட்டுக்கு மட்டும் 101 ரன்கள் சேர்த்தது. பின்னர் 207 ரன்களில் சுருண்டது. பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தியவர் அனில் கும்ப்ளே ஒருவரே. விட்டுக்கொடுத்தது 74 ரன்கள். நாடே கொண்டாடியது.

1877 முதல் நடந்துள்ள 2,500-க்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளில் இச்சாதனையைப் புரிந்தோர் மூவர் மட்டுமே. 1956-இல் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர், கோட்லாவில் கும்ப்ளே, 2021-இல் மும்பையில் நியூசிலாந்தின் அஜாஸ் படேல்.

ரசிகர்களின் மகிழ்ச்சி நியாயமானது. ஆனால், இச்சாதனை ஒருவரது திறமையால் மட்டுமே விளைந்ததா என்பதைப் பொருளியல் மாணவனாக எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர் பத்து விக்கெட் எடுக்க வேண்டுமெனில், மறுமுனையில் பந்துவீசுவோருக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது. ஒன்பது விக்கெட்டுகள் விழுந்த பின், தமக்கு விக்கெட் கிடைத்துவிடாதபடி ஸ்ரீநாத் பந்துகளை விலக்கி வீசினார். கடைசியில் வாசிம் அக்ரமின் கேட்சைப் பிடித்தவர் லட்சுமண். வெற்றி உறுதியாகிவிட்டதால், ஸ்ரீநாத்தின் விட்டுக்கொடுத்தலால் அணிக்கு இழப்பில்லை.

மான்செஸ்டர் இன்னும் தெளிவான பாடம். அப்போட்டியில் லேக்கர் 68 ஓவர்கள் வீசி 19 விக்கெட்டுகள் எடுத்தார். அதே ஆடுகளத்தில் 69 ஓவர்கள் வீசிய சகவீரர் டோனி லாக் எடுத்தது ஒன்றே ஒன்று. லாக் திறமையற்றவர் அல்லர், உழைக்காதவரும் அல்லர். அஜாஸ் படேலோ பத்து விக்கெட் எடுத்தும், அவரது அணி 62 ரன்களில் சுருண்டு, 372 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. உழைப்பும் விளைவும் எப்போதும் ஒரே அளவில் அமைவதில்லை.

எங்கள் குளத்தூர்க் கரிசல் பூமியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியில் மழையை நம்பி உளுந்தும் பாசியும் விதைக்கிறோம். ஒரு காட்டில் பருவத்தில் மழை பெய்கிறது. இரண்டு கல் தொலைவிலுள்ள காடு காய்ந்துவிடுகிறது. அல்லது அறுவடை நேரத்து மழையில் காய்கள் முளைத்துவிடுகின்றன. விதையும் உரமும் உழைப்பும் இருவருக்கும் ஒன்றே. ஆயினும் விளைந்தவரைக் கெட்டிக்காரர் என்றும், இழந்தவரை விவரமற்றவர் என்றும் பேசிவிடுகிறோம்.

கூட்டாக விளைவதில் ஒவ்வொருவரின் பங்கையும் தனியே பிரித்து அளப்பது எளிதன்று என்பது பொருளியலின் பழைய சிக்கல். பயிர்க் காப்பீட்டையும் வறட்சி நிவாரணத்தையும் சலுகையாகக் கருதுவோர் இதை மறந்துவிடுகின்றனர். உழைத்தும் விளைவு கிட்டாதவருக்குச் சமூகம் செலுத்த வேண்டிய கடன் அது.

கும்ப்ளேயைக் கொண்டாடுவோம். அதே ஆடுகளத்தில் வெறுங்கையோடு திரும்பியவரையும் மதிக்கக் கற்றுக்கொள்வோம்.