எவ்வளவு மூச்சு வாங்கலாம்?

60 கிலோ எடையுள்ள ஒருவர் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் 200 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பை மேலே தூக்கிச் செல்வதற்கு மட்டும் அவர் கால்கள் ஏறக்குறைய 33 வாட் திறனில் உழைக்கின்றன. அரை மணியில் ஏறினால் 65 வாட். ஆரோக்கியமானவருக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களைப் பரிசோதனைச் சைக்கிளை மிதிக்க வைத்தால், பலரால் முழுமூச்சாக முயன்றும் 50 வாட்டைத் தாண்ட முடிவதில்லை. 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்தக் கோட்டையின் அடிவாரத்திலேயே குடியிருந்தாலும், அந்தப் படிகள் அவர்களுக்கானவை அல்ல.

அதற்காக வீட்டோடு உட்கார்ந்துவிடலாமா? கூடவே கூடாது. "மூச்சு வாங்குதா, பேசாம படுங்க" என்று அன்போடு சொல்லும் வீட்டார்தான், தெரியாமலே நோயாளியின் கால்களைக் கெடுக்கிறார்கள்.

பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை இது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், புகையே பிடிக்காத பெண்களிடமும் இந்த நோய் தெரியவந்தது. விறகடுப்பின் முன் ஆயுளைக் கழித்த நம் அம்மாக்களையும் பாட்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

நோயில் நடப்பது இதுதான். மூச்சுக்குழல்கள் சுருங்கியிருப்பதால் உள்ளே போன காற்று மெதுவாகத்தான் வெளியேறும். வேகமாக நடந்தால் பழைய காற்று போய் முடிவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. மிச்சக் காற்று உள்ளேயே தேங்கி, நெஞ்சுக்கூடு விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். இன்னும் இழுக்க இடமில்லை. மூச்சு முட்டுகிறது. இதற்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தொடைத் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அது கரியமில வாயுவைக் கூட்டும். அதை வெளியேற்ற இன்னும் அதிகம் மூச்சு வேண்டும். நடக்காததாலேயே மூச்சு மேலும் வாங்கும்.

1991இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் கசபூரி குழு இந்த இடத்தைத்தான் தொட்டது. சிஓபிடி நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குக் கடுமையான சைக்கிள் பயிற்சி, மற்றவர்களுக்கு அதே மொத்த உழைப்பை மெதுவாக, கூடுதல் நேரத்துக்கு. கடுமையாக மிதித்தவர்களுக்கே லாக்டிக் அமிலமும் மூச்சின் தேவையும் அதிகம் குறைந்தன. நுரையீரல் குணமாகவில்லை, கால்கள் சிக்கனமாகிவிட்டன. ஆகவே சும்மா உலாவினால் பலன் குறைவு. அளவு மீறினால் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே உள்ள அளவை ஆளுக்கு ஆள் கண்டுபிடிக்க வேண்டும்.

நாடித்துடிப்பு இதற்கு உதவாது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு, இதயம் தன் எல்லையைத் தொடும் என்று எடுத்துக்கொள்கிறது. இவர்களுக்கோ அதற்கு முன்பே மூச்சு தடுத்துவிடும். சால்பியூட்டமால் இன்ஹேலர் துடிப்பை ஏற்றும், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இறக்கும்.

நம்பத்தக்கது நோயாளியின் சொந்த உணர்வுதான். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் அதற்கு எண் கொடுத்தார். மூச்சு வாங்கவே இல்லையென்றால் 0, இதற்குமேல் தாங்காது என்றால் 10. பயிற்சியின்போது 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். நாலு வார்த்தை பேசலாம், பாட முடியாது என்ற நிலை. 2 என்றால் எட்டி நடக்க வேண்டும். 7 என்றால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும்.

வேகத்தைக் குறிக்க ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் ஒரு நாற்காலி போடுவார்கள். நோயாளி போய்ப்போய்த் திரும்ப வேண்டும். நடுவே நின்று இளைப்பாறினாலும் கடிகாரம் நிற்காது. 300 மீட்டர் நடந்தார் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர், அவருடைய பயிற்சி வேகம். 20 நிமிடத்தில் 800 மீட்டர். ஒரே மூச்சில் முடியாதவர் இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம். வாரம் மூன்று முதல் ஐந்து நாள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 88க்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். முதல் சோதனையை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்.

செஞ்சிவாசிகளுக்கு நல்ல தடம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் சுற்றியுள்ள சமதளத்தைச் சொல்கிறேன். பாறை சூடேறும் உச்சிவெயிலைத் தவிர்த்தால் போதும்.

டேப், இரண்டு நாற்காலி, கடிகாரம், ஆக்சிமீட்டர்: தேவை இவ்வளவுதான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். மருத்துவமனையில் குறித்த வேகத்தைத் தெருவில் நடக்க வைத்துப் பார்ப்பதும் அவர்கள் பையில் சேர வேண்டும் என்பது என் கோரிக்கை. எட்டு வாரம் கழித்து அதே வராந்தாவில் மறுபடி நடக்க வைத்து, அந்த 300 மீட்டர் 330 ஆகியிருந்தால், மருத்துவர்கள் அதை உண்மையான முன்னேற்றமாக எடுத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து அவருடைய வேகம் நிமிடத்துக்கு 44 மீட்டர்.