இளையோர் தனிமையும் விளையாட்டுக் களமும்

விளையாட்டு உடலை வளர்க்கும் என்பது விழா மலர்தோறும் கூறப்பட்டு வருவதொன்று. அதனை யாமும் கூறவேண்டுவதில்லை. பதின்ம வயதினரின் தனிமையை அது போக்குமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

தனித்திருத்தல் வேறு, தனிமை வேறு. தூண்டிலுடன் வாவிக்கரையில் அமர்ந்திருப்பவன் தனித்திருக்கிறான். அதனால் அவன் வாடுவதில்லை. நாற்பது பேர் நிறைந்த வகுப்பில், தன்னைத் தேடுவார் எவருமில்லை என்றெண்ணும் மாணவனே தனிமையுற்றவன். உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்களுள் அறுவரில் ஒருவர் இத்துன்பத்துக்கு ஆளாகின்றனர். 13 முதல் 29 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 17 முதல் 21 பேர் தனிமையை உணர்வதாகவும், பதின்ம வயதினரிடையே அது மிகுதி எனவும் அது கூறுகின்றது. முதுமைக்கே உரியதென நாம் எண்ணியிருந்த துன்பம் இளமையிலன்றோ முந்தி நிற்கின்றது!

அமெரிக்காவில் 9 முதல் 13 வயது வரையுள்ள 11,000க்கு மேற்பட்ட சிறுவரைக் கொண்டு செய்யப்பெற்ற ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. குழுவாக விளையாடுவோரிடம், ஒதுங்கிச் சோர்ந்திருக்கும் இயல்பு, விளையாடாதோரைக் காட்டிலும் நூற்றுக்கு 19 பங்கு குறைந்திருந்தது. டெனிஸ், மல்யுத்தம் போன்ற தனியாள் விளையாட்டுகளில் மட்டும் ஈடுபட்டோரிடமோ, அஃது ஒன்றிலும் ஈடுபடாதோரினும் கூடுதலாகவே காணப்பட்டது. கலகலப்பானவர்களே குழுவை நாடிச் செல்வர் என்பதும் உண்மையாகலாமாதலின், இவ்வெண்களை மட்டும் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. எனினும் மருந்து ஓட்டத்தில் இல்லை, கூட்டத்தில் உண்டு என்பதற்கு இது குறிப்பாகும். “நேற்று ஏன் வரவில்லை?” என்று ஒருவன் கேட்கும்போது மற்றவனுக்குத் தானும் வேண்டப்படுபவன் என்பது தெரிகிறது.

மட்டக்களப்பு மக்கள் இதனை ஆய்வின்றியே அறிந்திருந்தனர் போலும். கண்ணகையம்மன் வழிபாட்டைச் சார்ந்து நிகழ்ந்துவந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாவர். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியுமளவும் இழுப்பர். தோற்றோரை வென்றோர் எள்ளிப் பாடுவதும் உண்டு. ஆனால் எள்ளப்படுவது கட்சியே, தனியொருவன் அல்லன். கட்சியோ பிறப்பினால் வருவது. வலியனும் மெலியனும் அதற்குரியவரே. “நீ வேண்டாம்” என்று எவனையும் விலக்குதல் இயலாது. இவ்விளையாட்டு இன்று அருகிவிட்டமை இரங்கத்தக்கது.

பாடசாலை இல்லங்களும் பெயரளவில் இத்தகையனவே. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இல்லம் உண்டு. ஓடுபவரோ விரைந்தோடும் சிலர். ஏனையோர் கொட்டகை நிழலிலிருந்து கைதட்டுவர். மாலையில் இரு தலைவர்கள் மாறிமாறி ஆள் தெரிந்தெடுக்கும்போது இறுதியில் எஞ்சி நிற்பவனை நினைத்துப் பாருங்கள். அவன் சில நாட்களில் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவான். வராதவனைத் தேடுவாரும் இரார்.

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி வந்து கூடுகின்றது. கரடியனாறு, இலுப்படிச்சேனை முதலிய ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து கற்கும் மாணவன், பயிற்சி தொடங்கும் வேளையில் பேருந்துக்குக் காத்து நிற்பான். சந்தியண்டை வாழ்பவனையோ தனியார் வகுப்புகள் பிடித்துக்கொள்கின்றன. மாணவியர் பலர் பருவமெய்தியதும் மைதானத்தினின்றே நிறுத்தப்படுகின்றனர். இதனைப் பெற்றோர் சிந்திக்கவேண்டும்.

செய்யத்தக்கவை பெருஞ்செலவுடையன அல்ல. பாடசாலை அணியில் இடம்பெறாதோர்க்கென்றே இல்லங்களிடையே உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் நடத்தலாம். அவற்றைப் பாடவேளைக்குள்ளேயே, பேருந்து புறப்படுமுன், முடித்துவிடலாம். ஆள் தெரிதலை ஆசிரியரே முன்கூட்டிச் செய்து பட்டியலை ஒட்டிவிட்டால், எஞ்சி நிற்பவன் என ஒருவன் இரான். ஆடமுடியாதவன் புள்ளி குறிக்கட்டும், வலை கட்டட்டும். பட்டியலில் அவன் பெயரும் இருக்கட்டும். சனிக்கிழமை மாலைகளில் ஊரிலுள்ள பழைய மாணவர் இருவர் மூவர் மைதானத்துக்கு வந்தால், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் சைக்கிளிற் போய் விசாரித்து வருதல் கூடும்.