உஷார்! சம்மர் அட்மிஷன் ஒத்திகை இல்லை

ஆகஸ்ட்டில் தொடங்க வேண்டிய அமெரிக்கக் கல்லூரிப் படிப்பை ஜூனிலேயே தொடங்கலாம் என்று பிள்ளைக்கு மெயில் வந்திருக்கிறதா? சரி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். "ஆறே வாரம், ரெண்டே பேப்பர், ஊரும் பழகிடும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கன்சல்டன்சிக்காரர் இன்னும் இனிப்பாகச் சொல்வார். விசா விதிகளில் அந்த இனிப்பு கிடையாது.

எஃப்-1 விசாவில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்குக் கோடை பெரும்பாலும் விடுமுறைதான். படித்தாலும் படிக்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்பு தொடங்கும் தேதியே ஜூன் என்றிருந்தால் கதை வேறு. அந்தக் கோடைதான் அவருக்கு முதல் பருவம், முழுநேரப் படிப்பு கட்டாயம். எத்தனை கிரெடிட் எடுத்தால் முழுநேரம் என்பதைக் கல்லூரி சொல்லும். பக்கத்து இருக்கை அமெரிக்க மாணவன் ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு மீதி நேரம் ஊர் சுற்றலாம். உங்கள் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை.

பலரும் விழுகிற இடம் ஆன்லைன் வகுப்பு. கோடையில் பல பாடங்கள் ஆன்லைனில்தான் நடக்கும். ஆனால் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு ஆன்லைன் வகுப்போ 3 கிரெடிட்டோதான் சேரும். ஆறு கிரெடிட் தேவைப்படும் கல்லூரியில் இரண்டு பாடத்தையும் ஆன்லைனில் எடுத்துவிட்டால், வளாக ஹாஸ்டலிலேயே உட்கார்ந்து படித்தாலும் அது விதிமீறல். பாடம் பதிவு செய்யும் இணையதளம் இதைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது வேகம். புளோரிடா பல்கலைக்கழகத்தின் 'சம்மர் பி' ஆறு வாரம்தான். வழக்கமான பருவத்தில் சுமார் 15 வாரம் நடக்கும் பாடத்தை அதற்குள் முடித்தாக வேண்டும். தூக்க நேரம் இன்னும் சரியாகாத நிலையிலேயே தேர்வு வந்து நிற்கும். மார்க் குறைந்ததும் ஒரு சீனியர் சொல்வார்: "டிராப் பண்ணிடுடா, ஃபால்ல பார்த்துக்கலாம்." இங்கேதான் விபரீதம். கல்லூரியின் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர்களின் விசா பதிவைக் கவனிக்கும் அதிகாரி, முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாமல் பாடத்தைக் கைவிட்டால் செவிஸ் என்ற அமெரிக்க அரசின் மாணவர் தரவுத்தளத்தில் உள்ள பதிவையே ரத்து செய்துவிடலாம். படிப்பை முடித்தவருக்கு மூட்டை கட்ட 60 நாள் தருவார்கள். இப்படி ரத்தானவருக்கு ஒருநாள்கூடக் கிடையாது. ஆங்கிலத்தில் தடுமாற்றம், கற்பிக்கும் முறை பழகாதது, உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்குப் பாடத்தைக் குறைக்க வழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதலில் அனுமதி, பிறகுதான் டிராப்.

விசா கிடைப்பதே இழுபறியாகலாம். 2025 மே 27 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதை நிறுத்தியது. சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் புதிய நிபந்தனையோடு ஜூன் 18 அன்றுதான் மறுபடி தொடங்கப்போவதாக அறிவித்தது. ஆகஸ்ட்டில் சேருபவருக்காவது மூச்சுவிட நேரம் இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் வகுப்பு தொடங்குபவர் என்ன செய்வார்? நம் ஊரில் ப்ளஸ் டூ ரிசல்ட்டே மே மாதம்தான் வருகிறது. தேதி தவறும் போலிருந்தால், ஐ-20-இல் உள்ள தொடக்க நாளுக்கு முன்பே டிஎஸ்ஓவிடம் சொல்லித் தேதியை மாற்றி வாங்குங்கள். ஜூன் தேதி போட்ட தாளோடு ஆகஸ்ட்டில் போய் இறங்குவது ஆபத்து. அவசரப்பட்டு முன்னதாகப் போகவும் முடியாது; தொடக்க நாளுக்கு 30 நாள் முன்பிருந்துதான் அனுமதி.

பண விஷயத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள்: உதவித்தொகை கோடைக்கும் உண்டா, ஆகஸ்ட்டில் தொடங்கும் ஃபால் பருவத்திலிருந்துதானா? கோடைப் பருவம் முடிந்து ஆகஸ்ட் அறை திறக்கும்வரை பிள்ளை எங்கே தங்குவான் என்பதையும் கேளுங்கள்.

ஏப்ரலுக்குள் விசா கையில் இருக்கிறது, ஆங்கிலத்தில் தயக்கமில்லை என்றால் தாராளமாக அனுப்பலாம். மற்றவர்களுக்கு ஆகஸ்ட்டே நல்லது என்பேன். எதுவானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் எத்தனை கிரெடிட், அதில் எத்தனை நேரடி வகுப்பு என்று டிஎஸ்ஓவிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.