பற்றா, வரவா? யாருடைய ஏட்டில்?

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் பெற்று, புதுக்கோட்டையில் பி.காம். சேர்ந்த முன்னாள் மாணவி ஒருவர் முதல் பருவத்தின் நடுவில் என்னைப் பார்க்க வந்தார். முதல் அகத்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண். "டீச்சர், பேங்க்ல பணம் போட்டா 'வரவு வைக்கப்பட்டது'ன்னு மெசேஜ் வருது. ஆனா கணக்குல ரொக்கம் வந்தா பற்றுன்னு எழுதுறோம். ரெண்டுல எது சரி?" என்று கேட்டார்.

இரண்டும் சரிதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் இருந்தும் அவருக்கு அது விளங்கவில்லை. பற்று, வரவு பற்றிய மூன்று விதிகளை மனப்பாடமாகச் சொல்வார், காரணம் தெரியாது. விதிகளைச் சொல்ல வைத்த நான் காரணத்தைச் சொல்லித் தரவில்லை.

பேச்சுத் தமிழில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். அதற்கு எதிர்ச்சொல் செலவு. கணக்கேட்டில் வரவுக்கு இணை செலவு அன்று, பற்று. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பாடத்தைத் தொடங்கினால், மாணவர் வீட்டுப் பொருளிலேயே அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வார்.

இதற்கு எளிய விளக்கம் நம் ஊர் மளிகைக் கடையின் கடன் நோட்டில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அரிசி வாங்கினால் 'பற்று 500' என்று கடைக்காரர் எழுதுகிறார். அந்த வாடிக்கையாளர் 500 ரூபாய்க்குப் பொருள் பெற்றுக்கொண்டார் என்று பொருள். பிறகு அவர் 300 ரூபாய் கொடுத்தால் 'வரவு 300'. பாக்கி 200. எந்தப் பெயரில் பக்கம் இருக்கிறதோ, அவர் பெற்றால் பற்று, தந்தால் வரவு. இவ்வளவுதான்.

வங்கியும் அப்படித்தான். வங்கியின் ஏட்டில் நம் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. நாம் பணம் தருகிறோம். ஆகவே நம் பக்கத்தில் வரவு. குறுஞ்செய்தி வங்கியின் ஏட்டைப் பார்த்து வருகிறது. நம் ஏட்டில் வங்கிக்கு ஒரு பக்கம் போட்டால், வங்கி நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டது. ஆகவே வங்கிக் கணக்கில் பற்று. ஒரே பணம், இரண்டு ஏடுகள். வங்கிச் சரிகட்டும் பட்டியலில் ரொக்க ஏட்டின் பற்று இருப்பும் வங்கி ஏட்டின் வரவு இருப்பும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதன் காரணமும் இதுவே.

அடுத்த படி, உயிரற்றவற்றுக்கும் ஒரு பக்கம் போடுவது. பத்துப் பெண்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டுத் தையல் தொழில் தொடங்குகிறார்கள் என்று கொள்வோம். ரொக்கப் பெட்டியை ஓர் ஆளாக நினைத்தால், பெட்டி 10,000 பெற்றது: ரொக்கக் கணக்கில் பற்று. உறுப்பினர்கள் தந்தார்கள்: முதல் கணக்கில் வரவு. 8,000 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் வாங்கினால், இயந்திரக் கணக்கில் பற்று 8,000. பெட்டி தந்ததால் ரொக்கக் கணக்கில் வரவு 8,000. கையிருப்பு ரொக்கம் 2,000, இயந்திரம் 8,000, மொத்தச் சொத்து 10,000, முதலும் 10,000. ஒவ்வொரு நடவடிக்கையும் இரு பக்கம் பதிவாவதால் இருப்பாய்வின் இரு பக்கமும் சமமாகிறது. சமமாகிவிட்டதாலேயே பிழை இல்லை என்றும் ஆகாது. இயந்திரத்துக்குப் பதில் வாடகைக் கணக்கில் 8,000 எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை சமமாகவே இருக்கும். தணிக்கை ஏன் தேவை என்பதை இந்த இடத்திலேயே மாணவருக்குக் காட்டிவிடலாம்.

இரட்டைப் பதிவு முறையை அச்சு நூலில் விளக்கி 1494-இல் வெனிஸ் நகரில் வெளியிட்டவர் லூக்கா பசியோலி. அதைப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் மாவட்டத்தின் ராயவரம், விராச்சிலை, கடியாபட்டி போன்ற ஊர்களின் நகரத்தார் வணிகர்கள் பர்மா, இலங்கை, மலேயா வரை வட்டித்தொழில் நடத்தியபோது பேரேடும் ஐந்தொகையும் தமிழிலேயே எழுதினார்கள் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். ஐந்தொகை என்பது வரவு, செலவு, இருப்பு, கடன் ஆகியவற்றைத் தொகுத்துக் காட்டும் நிலைக்கணக்கு. இந்தப் பாடம் நம் மண்ணுக்கு அந்நியமானது அன்று.

நம் மாணவர்கள் பலர் மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் பி.காம். சேர்கிறார்கள். இரண்டும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். நிதிநிலைக் கணக்கியலில் தொடங்கி நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வருமான வரி, தணிக்கையியல் என்று பாடங்கள் விரிகின்றன. எல்லாவற்றுக்கும் அடி, பற்றும் வரவும். அது ஆடினால் ஆறு பருவமும் ஆடும். உறுதியாக இருந்தால் வழிகள் பல. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் பட்டயக் கணக்காளர் படிப்பின் தொடக்கநிலைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலையில் சேரலாம். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். 'மதிப்பெண் குறைந்தவர்களுக்கான பிரிவு' என்று பெற்றோரிடம் நாமே சொல்லிவிடக்கூடாது.

தமிழ்வழி மாணவர்களுக்கு மொழி இன்னொரு தடை. கல்லூரியில் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தெரிந்த பாடமே தெரியாததுபோல் தோன்றும். குறிப்பேடு – ஜர்னல், பேரேடு – லெட்ஜர், இருப்பாய்வு – டிரயல் பேலன்ஸ், தேய்மானம் – டிப்ரீசியேஷன், கடனாளிகள் – டெப்டார்ஸ், கடனீந்தோர் – கிரெடிட்டார்ஸ் என்று வாரம் ஐந்து சொற்களை இணையாகக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினால், இரண்டு ஆண்டில் தேவையான சொற்கள் அனைத்தும் பழகிவிடும். ஆங்கில ஆசிரியரும் இதில் கைகொடுக்கலாம்.

மற்ற வகுப்புகளிலும் செய்யக்கூடியவை உண்டு. தொடக்க வகுப்பில் கடை விளையாட்டு நடத்தும்போது 'வாங்கியது', 'கொடுத்தது' என்று இரு பத்தி போட்டு எழுத வைக்கலாம். நடுநிலை வகுப்பில் வீட்டின் ஒரு வாரச் செலவையோ, குடும்பத்தினர் அனுமதித்தால் மகளிர் சுயஉதவிக் குழுவின் ரொக்கப் புத்தகத்தின் அமைப்பையோ பார்த்துவரச் சொல்லலாம். மேல்நிலையில் விதியைச் சொல்லும் முன் மூன்று கேள்விகள்: இது யாருடைய ஏடு? இந்தப் பக்கம் யார் பெயரில் இருக்கிறது? அவர் பெற்றாரா, தந்தாரா?

அன்று அந்த மாணவியிடம் வேறு எதையும் நடத்தவில்லை. ஒரு தாளில் அவர் ஊர்க் கடைக்காரரின் நோட்டைப் போட்டுக் காட்டினேன். அடுத்த பக்கத்தை வங்கிக்கு அவரே போட்டார். சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடவேளையை அந்தக் கடன் நோட்டிலிருந்துதான் தொடங்கினேன்.